ஆப்பிரிக்க வணிக மணிகள் கோர்த்த நகைகள்

ஆப்பிரிக்க வணிக மணிகள் என்பவை, 15ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐரோப்பிய வணிகர்கள் பண்டமாற்றுக்காக ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுசென்ற மணிகளாகும். 1960களில் இவை மீண்டும் கடல் கடந்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் பெருமளவில் வந்தன. அங்குள்ள கைவினைஞர்கள் பல நாட்டு மணிகளைக் கலந்து புதிய மாலைகளாகக் கோர்த்தனர். அவ்வழக்கம் இன்றும் உள்ளது.

பெயர் பாதிதான் பொருந்தும். இவற்றை அணிந்து போற்றியவர்கள் ஆப்பிரிக்கர்கள். செய்தவர்கள் பெரும்பாலும் வேறு நாட்டினர். இம்மணிகளைக் கொடுத்து வணிகர்கள் பெற்றவை தங்கம், தந்தம், பனை எண்ணெய் மட்டுமல்ல. அடிமைகளாக மனிதர்களையும் பெற்றனர். விற்பனைக் குறிப்புகளில் இச்செய்தி அரிதாகவே இடம்பெறுகிறது.

மணிகளின் பிறப்பிடம்

இவற்றுள் புகழ்பெற்றது வெனிஸ் நகரை ஒட்டிய முரானோ தீவில் தோன்றிய 'செவ்ரான்' மணி. உருகிய கண்ணாடியின்மேல் வெவ்வேறு நிறக் கண்ணாடியை அடுக்கடுக்காகச் சுற்றி, நட்சத்திர வடிவ அச்சில் அழுத்துவர். பின்னர் இருவர் இரு முனைகளையும் பிடித்து எதிரெதிரே நடந்து அதை நீண்ட குழாயாக இழுப்பர். குழாயைத் துண்டாக்கி முனைகளைத் தேய்த்தால் உள்ளிருக்கும் நட்சத்திரம் தெரியும். பழைய செவ்ரான்களில் பெரும்பாலும் ஏழு அடுக்குகள் இருக்கும். பிற்காலத்தவற்றில் நான்கு முதல் ஆறு வரை.

குஜராத்தின் கம்பாத்திலிருந்து சூதுபவள மணிகள் சென்றன. இரும்புச்சத்துள்ள கல்லைச் சூடாக்கிச் சிவக்க வைப்பது அவ்வூரார் கைவந்த கலை. சகாராவின் துவாரெக் மக்கள் அணியும் 'தல்ஹகிம்த்' என்னும் பதக்கத்தின் கதை வியப்பானது. கம்பாத்தில் கல்லில் செய்யப்பட்ட அதை, 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் கல்வெட்டுநர்கள் அகேட் கல்லில் நகலெடுத்தனர். பிறகு பொஹீமியாவினர் அதையே மலிவாகக் கண்ணாடியில் வார்த்தனர். ஆக, நகலுக்கும் ஒரு நகல்.

ஆப்பிரிக்காவிலேயே செய்யப்பட்ட மணிகளும் உண்டு. கானா நாட்டின் குரோபோ மக்கள் பழைய பாட்டில்களை இடித்துப் பொடியாக்கிக் களிமண் அச்சில் நிரப்புகின்றனர். துளைக்காக நடுவில் மரவள்ளி இலைக்காம்பைச் செருகுவர். சூளையில் காம்பு எரிந்துவிடும், துளை நிற்கும்.

கோர்க்கும்போது

கல் கண்ணாடியைத் தேய்த்துவிடும் என்பதால் இரண்டையும் அடுத்தடுத்துக் கோர்க்காமல், இடையில் முடிச்சோ சிறு தோல் வட்டமோ வைப்பது நல்லது. கம்பி நுழையவில்லை என்று பழைய மணியின் துளையை ஒருபோதும் பெரிதாக்கக் கூடாது. மெல்லிய நூலுக்கு மாறினால் போதும். துளையின் விளிம்புத் தேய்மானம்தான் அதன் வயதுக்குச் சான்று. நெடுங்காலம் அணிந்த மணியில் விளிம்பு மழுங்கி, அடுத்த மணி உரசிய தடமும் இருக்கும். இந்தியாவிலும் சீனாவிலும் இப்போது செய்யப்படும் புதிய செவ்ரான்களில் இயல்பாக இவை இரா. எனினும் செயற்கையாகத் தேய்த்து விற்பவர்களும் உண்டு.

குடும்பத்தில் வழிவழியாக வந்த மணி வேறு, மண்ணிலிருந்து தோண்டியெடுத்த மணி வேறு. மாலி நாட்டின் ஜென்னே பகுதியில் பழங்குடியிருப்பு மேடுகளைத் திருட்டுத்தனமாகத் தோண்டி மணிகளையும் சுடுமண் சிற்பங்களையும் எடுத்து விற்றனர். எந்த மண்ணடுக்கில், எதன் அருகே கிடந்தது என்பதைக் கொண்டே தொல்லியலாளர் காலத்தைக் கணிப்பர். தோண்டி எடுத்தபின் அத்தகவலை மீட்க வழியில்லை. நைஜர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் தொல்பொருள்களை இறக்குமதி செய்ய அமெரிக்கா 1993இல் தடை விதித்தது. எனவே விலை கேட்குமுன், மணி எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். 'பழைய மணி' என்பதற்கு மேல் விற்பவரால் எதுவும் சொல்ல முடியாவிட்டால் வாங்காமலிருப்பதே முறை.