‘டிப்ல வாங்கு மச்சி’ என்கிறார்களா? கிரிப்டோவில் பணம் போடும் முன் புரிந்துகொள்ள வேண்டிய சொற்கள்

2024 ஜூலை 18. இந்தியாவின் பெரிய கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகளில் ஒன்றான வசீர்எக்ஸ் ஹேக் செய்யப்பட்டது. சுமார் 23 கோடி டாலர் மதிப்பிலான கிரிப்டோ பறிபோனது. ஆப்பைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தங்கள் கணக்கில் காயின் இருப்பது தெரிந்தது. ஆனால், எடுக்க முடியவில்லை. கிரிப்டோவை வெளியே எடுப்பதற்குப் பயனாளர்கள் ஓராண்டுக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

‘காசு என் அக்கவுன்ட்லதானே இருக்கு, ஏன் எடுக்க முடியல?’ இந்தக் கேள்விக்கான பதில் ‘பிரைவேட் கீ’ என்ற சொல்லில் இருக்கிறது. ரீல்ஸிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் சர்வசாதாரணமாகப் புழங்கும் இதுபோன்ற சொற்கள் உண்மையில் எதைச் சொல்கின்றன? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பிளாக்செயின்: எல்லோர் கையிலும் ஒரே நோட்டு

ஏலச்சீட்டு கட்டியவர்களுக்கு இது எளிதாகப் புரியும். சீட்டு நடத்துபவரிடம் ஒரு நோட்டு இருக்கும். யார் எவ்வளவு கட்டினார்கள், யார் எடுத்தார்கள் என்பதெல்லாம் அதில்தான். அவர் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டால் கதை முடிந்தது.

அதே நோட்டின் நகல் சீட்டில் இருக்கும் எல்லோரிடமும் இருந்தால்? ஒருவர் மட்டும் தன் நோட்டில் திருத்தினால் மற்றவர்களின் நோட்டு காட்டிக்கொடுத்துவிடும். இதுதான் பிளாக்செயின். பரிவர்த்தனைகள் ‘பிளாக்’ எனும் தொகுப்புகளாகப் பதிவாகி, ஒவ்வொன்றும் முந்தையதோடு சங்கிலிபோல இணைக்கப்படும். உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கணினிகளில் அதன் நகல் இருக்கும்.

சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவரோ, ஒரு குழுவோ 2008இல் இந்த யோசனையை வெளியிட, 2009 ஜனவரியில் பிட்காயின் இயங்கத் தொடங்கியது.

மைனிங், ஹாவிங்: புது காயின் எங்கிருந்து வருகிறது?

நோட்டில் புதிய பக்கம் எழுத யாராவது வேண்டுமே! அந்த வேலையைக் கணினிகள் போட்டி போட்டுச் செய்வதுதான் ‘மைனிங்’. ஜெயிப்பவருக்குப் புதிய பிட்காயின் பரிசு. ஆரம்பத்தில் ஒரு பிளாக்குக்கு 50 பிட்காயின் கிடைத்தது. ஏறக்குறைய 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்தப் பரிசு பாதியாகும். இதற்குப் பெயர் ‘ஹாவிங்’. 2024 ஏப்ரலில் நடந்த ஹாவிங்குக்குப் பிறகு பரிசு 3.125 பிட்காயின்.

மொத்த பிட்காயின் 2.1 கோடியைத் தாண்டாது என்பது விதி. ‘அளவு குறைவு, அதனால் விலை ஏறும்’ என்று சொல்லப்படுவதற்கு இதுதான் அடிப்படை. ஆனால், அளவு குறைவு என்பது மட்டும் விலையைத் தீர்மானிக்காது. வாங்க ஆள் இருக்க வேண்டும்.

‘ஒரு பிட்காயின் வாங்க லட்சக்கணக்குல வேணுமே’ என்று நினைக்கத் தேவையில்லை. ஒரு பிட்காயினை 10 கோடிப் பங்காகப் பிரிக்கலாம். அதில் ஒரு பங்குக்குப் பெயர் ‘சடோஷி’. அதனால்தான் சில நூறு ரூபாய்க்கும் வாங்க முடிகிறது.

காயின், டோக்கன், ஸ்டேபிள்காயின்

சொந்தமாக பிளாக்செயின் வைத்திருப்பது காயின். பிட்காயின், எத்தீரியத்தின் ஈத்தர் ஆகியவை இந்த வகை. வேறொருவரின் பிளாக்செயினில் வாடகைக்கு இருப்பதுபோல இயங்குவது டோக்கன். எத்தீரியத்தில் பரிவர்த்தனை செய்யக் கொடுக்கும் கட்டணம் ‘கேஸ் ஃபீ’. நெட்வொர்க்கில் நெரிசல் கூடினால் இதுவும் கூடும். சின்னத் தொகையை அனுப்பும்போது கட்டணமே பெரிதாகிவிடுவதும் உண்டு.

ஸ்டேபிள்காயின் என்பது ஒரு டாலர் போன்ற நிலையான மதிப்பில் நிற்க முயல்வது. யூஎஸ்டிடி, யூஎஸ்டிசி இதற்கு உதாரணங்கள். இவற்றை வெளியிடும் நிறுவனங்கள் அதற்கு ஈடாக டாலர், கடன் பத்திரங்கள் போன்றவற்றை வைத்திருப்பதாகச் சொல்கின்றன. ஆனால், ‘ஸ்டேபிள்’ என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது. சொத்து ஈடு இல்லாமல் கணினி நிரலை நம்பி நின்ற டெர்ரா யூஎஸ்டி, 2022 மே மாதம் சில நாள்களில் சரிந்தது. அதோடு இணைந்திருந்த லூனாவும் கிட்டத்தட்ட பூஜ்ஜியமானது.

வாலட், பிரைவேட் கீ: சாவி யாரிடம்?

வாலட்டுக்குள் காயின் இருக்காது. காயின் பற்றிய பதிவு பிளாக்செயினில் இருக்கிறது. அதை நகர்த்தும் சாவி மட்டுமே வாலட்டில். அந்த ரகசியச் சாவிதான் ‘பிரைவேட் கீ’. அதை மீட்டெடுக்க உதவும் 12 அல்லது 24 சொற்களின் வரிசை ‘சீட் ஃபிரேஸ்’.

எக்ஸ்சேஞ்ச் ஆப்பில் வாங்கி அங்கேயே விட்டுவைத்தால், சாவி அந்த நிறுவனத்திடம் இருக்கும். ஆப்பில் தெரியும் எண், ‘நாங்கள் உங்களுக்கு இவ்வளவு தர வேண்டும்’ என்று அவர்கள் எழுதிவைத்த கணக்கு மட்டுமே. வசீர்எக்ஸ் பயனாளர்கள் தவித்ததும் இதனால்தான்.

சாவியை நாமே வைத்துக்கொள்ளலாம். இணையத்தோடு இணைந்திருப்பது ‘ஹாட் வாலட்’. இணையத்திலிருந்து விலக்கி, தனிக் கருவியில் வைத்திருப்பது ‘கோல்டு வாலட்’. இதில் ஹேக் ஆகும் ஆபத்து குறைவு. ஆனால், சீட் ஃபிரேஸைத் தொலைத்தால் ‘ஃபர்காட் பாஸ்வேர்டு’ பட்டன் கிடையாது. யாரிடமாவது சொல்லிவிட்டால் மொத்தமும் போய்விடும். ‘கஸ்டமர் கேர்லேர்ந்து பேசுறோம், அந்த 12 வார்த்தையைச் சொல்லுங்க’ என்று யார் கேட்டாலும் அது மோசடிதான்.

மார்க்கெட் கேப்: ‘ஒரு ரூபாய்தானே’ என்ற மயக்கம்

‘இந்தக் காயின் ஒரு ரூபாய்தான். 100 ரூபாய்க்குப் போனா நீ லட்சாதிபதி’ என்பது அடிக்கடி கேட்கும் வசனம். இங்கே விலையைப் பார்க்கக் கூடாது. மார்க்கெட் கேப்பைப் பார்க்க வேண்டும். புழக்கத்தில் இருக்கும் காயின்களின் எண்ணிக்கையை விலையால் பெருக்கினால் கிடைப்பது அது.

10,000 கோடி காயின்கள் புழக்கத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விலை ஒரு ரூபாய் என்றால் மார்க்கெட் கேப் 10,000 கோடி ரூபாய். விலை 100 ரூபாயாக வேண்டுமென்றால் அது 10 லட்சம் கோடி ரூபாயாக வளர வேண்டும். அவ்வளவு மதிப்பைச் சந்தை எதற்காகக் கொடுக்கும் என்று கேட்டுப் பார்த்தால் மயக்கம் தெளிந்துவிடும்.

டிப், பம்ப் அண்ட் டம்ப், ரக் புல்

விலை இறங்குவது ‘டிப்’. ஆனால், எது தற்காலிக இறக்கம், எது வீழ்ச்சியின் தொடக்கம் என்பது அந்த நேரத்தில் தெரியாது. 2021 நவம்பரில் 69,000 டாலரை ஒட்டிப் போன பிட்காயின், அடுத்த ஆண்டு நவம்பரில் 16,000 டாலருக்கும் கீழே வந்தது. நடுவில் 40,000 டாலரில் வாங்கியவர்களும் ‘டிப்’ என்றுதான் வாங்கினார்கள். பின்னாளில் விலை மீண்டது உண்மை. ஆனால், இடையில் கல்யாணம், வீட்டு அட்வான்ஸ் என்று பணம் தேவைப்பட்டவர்களால் அதுவரை காத்திருக்க முடிந்திருக்காது.

ஒரு குழு முதலில் வாங்கிக் குவித்து, ‘சீக்கிரம் வாங்குங்க’ என்று பரபரப்பைக் கிளப்பி, விலை ஏறியதும் விற்றுவிட்டுப் போவது ‘பம்ப் அண்ட் டம்ப்’. டோக்கனை உருவாக்கியவர்களே பணத்தைச் சுருட்டிக்கொண்டு மறைவது ‘ரக் புல்’. ‘ஸ்குவிட் கேம்’ தொடரின் பெயரைப் பயன்படுத்தி 2021இல் வந்த டோக்கன் 2,800 டாலரைத் தாண்டி, சில நிமிடங்களில் ஒன்றுமில்லாமல் போனது. அதற்கு முன்பே ‘வாங்கலாம், விற்க முடியவில்லை’ என்ற புகார்கள் வந்திருந்தன.

வரி: நஷ்டப்பட்டாலும் கட்ட வேண்டுமா?

இந்திய வருமான வரிச் சட்டத்தில் கிரிப்டோவின் பெயர் ‘மெய்நிகர் டிஜிட்டல் சொத்து’. 2022 ஏப்ரல் முதல் இதன் லாபத்துக்கு 30% வரியும், அந்த வரியின் மேல் 4% செஸ்ஸும் உண்டு. 2022 ஜூலை முதல் விற்பனைத் தொகையில் 1% டிடிஎஸ் பிடிக்கப்படுகிறது.

பலர் சிக்கிக்கொள்வது அடுத்த விதியில்தான். ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழிக்க முடியாது. ஒருவர் ஒரு லட்சத்துக்கு வாங்கிய காயினை 1.4 லட்சத்துக்கு விற்கிறார். லாபம் 40,000 ரூபாய். வேறொரு காயினில் அவருக்கு 40,000 ரூபாய் நஷ்டம். கையில் மிஞ்சியது எதுவுமில்லை. ஆனாலும், முதல் லாபத்துக்கு 12,000 ரூபாய் வரி, 480 ரூபாய் செஸ் என 12,480 ரூபாய் கட்ட வேண்டும். பிடித்த டிடிஎஸ்ஸை அதில் கழித்துக்கொள்ளலாம். நஷ்டத்தை அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. ஒரு காயினைக் கொடுத்து இன்னொன்று வாங்கினாலும் அது விற்பனைக் கணக்கில்தான் வரும்.

அப்படியானால் கிரிப்டோ சட்டபூர்வமானதா?

வாங்க, விற்கத் தடையில்லை. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2018இல் விதித்த கட்டுப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் ரத்து செய்தது. ஆனால், கிரிப்டோ செல்லத்தக்க பணம் அல்ல. ரிசர்வ் வங்கியே வெளியிடும் டிஜிட்டல் ரூபாய் வேறு; இது வேறு. 2023 மார்ச் முதல் எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அவை நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும்.

வசீர்எக்ஸில் காயின் முடங்கிய ஒருவர் தொடர்ந்த வழக்கில், கிரிப்டோ பணமல்ல என்றாலும் ஒருவர் உரிமை கொண்டாடக்கூடிய சொத்துதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் கூறியது. முதலீட்டாளர்களுக்கு இது தெம்பூட்டும் கருத்து. ஆனாலும், வங்கி டெபாசிட்டுக்கு இருக்கும் 5 லட்சம் ரூபாய் காப்பீடு போன்ற ஏற்பாடு எதுவும் கிரிப்டோவுக்கு இல்லை.

பணம் போடும் முன் 4 கேள்விகள்

* சாவி யாரிடம் இருக்கும்? எக்ஸ்சேஞ்சிடம் என்றால், அது நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ததா?
* இந்தக் காயினின் மார்க்கெட் கேப் எவ்வளவு? எத்தனை காயின்கள் புழக்கத்தில் உள்ளன?
* வரி, டிடிஎஸ், கட்டணம் போக கையில் என்ன நிற்கும்?
* இந்தப் பணம் முழுவதும் போனாலும் அடுத்த மாத வாடகையும் இஎம்ஐயும் தடையில்லாமல் போகுமா?

கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்பது பதிலென்றால் மற்ற மூன்றையும் பார்க்கவே வேண்டாம். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் கூச்சப்படாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் புகார் போகிறதோ, அந்த அளவுக்குப் பணத்தை முடக்கி வைக்கும் வாய்ப்பு அதிகம்.