வெள்ளித்திரையில் அச்சச் சுவை

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறுமிடத்து அச்சத்தையும் அவற்றுள் ஒன்றாக வைத்துள்ளார். அவ்வச்சம் தோன்றுவதற்கு அவர் வகுத்த நிலைக்களன்கள் நான்கே. அணங்கும், கொடிய விலங்கும், கள்வரும், தம்மை ஆளும் இறைவரும் என்பன அவை. சினிமா என்னும் கலை பிறப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன் வகுக்கப்பட்ட இப்பாகுபாடு, மேலைநாட்டு அச்சப் படங்களுக்கும் வியக்கத்தக்க வகையிற் பொருந்துகின்றது. பாழ்மனையில் உலவும் ஆவியைப் பற்றிய படங்கள் அணங்கின்பாற்படும். கடலிற் குளிப்போரைக் கௌவும் சுறாவின் கதை விலங்கின்பாற்படும். வழிப்போக்கரைத் தன் விடுதியில் வைத்துக் கொல்பவன் கதையைக் கள்வர் வகையிற் சேர்க்கலாம். நான்காவதாகிய இறைவரை அச்சப் படம் எடுப்போர் அதிகம் நாடுவதில்லை. அதற்குரிய காரணம் பற்றிப் பின்னர்க் கூறுவேன்.

எனினும், அஞ்சப்படும் பொருள் எது என்பதை மட்டும் அறிந்தாற் போதாது. ஒரு படத்திற் பேயைக் கண்டு உடல் நடுங்குகின்றோம். மற்றொரு படத்தில் அதே பேயைக் கண்டு கைகொட்டிச் சிரிக்கின்றோம். வெள்ளைச் சேலையும் விரித்த கூந்தலும் புகை மண்டலமுமாகத் தோன்றும் மோகினிகளைக் கண்டு கொட்டகையிற் சிறுவர்கள் சீழ்க்கையடிப்பதை நம்மிற் பலரும் கேட்டிருப்போம். ஆகவே அச்சம் பொருளில் இல்லை. அப்பொருளை நமக்கு அறிவிக்கும் முறையிலேயே உள்ளது. இம்முறையை நான் விரும்பிப் பார்த்த சில படங்களைக் கொண்டு விளக்க முயல்கின்றேன்.

1942 ஆம் ஆண்டில் ஹொலிவுட்டிலே வால் லூட்டன் என்னும் தயாரிப்பாளர், சாக் தூர்னர் என்னும் நெறியாளரைக் கொண்டு 'கற் பீப்பிள்' என்னும் படத்தை எடுத்தார். 'பூனை மாந்தர்' என்பது அதன் பொருள். செலவு ஒன்றரை இலட்சம் டொலருக்கும் குறைவு. கோபமோ காதலோ மிகுந்தால் தான் சிறுத்தையாக மாறிவிடுவேன் என அஞ்சும் ஓர் இளம்பெண்ணின் கதை அது. பெண் சிறுத்தையாக மாறுவதைக் காட்டப் பணமில்லை. காட்டினாலும் அது நகைப்புக்கே இடமாகியிருக்கும். எனவே அவர்கள் காட்டாமல் விட்டனர். வறுமை ஒரு கலைக்கு இத்துணை நன்மை செய்தது அரிது.

அப்படத்தில் ஒரு காட்சி. நியூயோர்க் நகரின் பூங்காவை ஊடறுத்துச் செல்லும் வீதியில் இரவிலே ஒரு பெண் தனியே நடந்து போகின்றாள். பின்னால் மற்றொருத்தியின் காலடி ஓசை கேட்கின்றது. சிறிது நேரத்தில் அவ்வோசை நின்றுவிடுகின்றது. தொடர்ந்தவள் திரும்பிப் போய்விட்டாளா, அல்லது ஓசையின்றி நடக்கும் வேறொன்றாக மாறிவிட்டாளா? முன்னே செல்பவள் நடையை விரைவுபடுத்துகின்றாள், திரும்பிப் பார்க்கின்றாள், வீதியில் ஒருவருமில்லை. அவ்வேளையில் விலங்கின் உறுமலை ஒத்த பேரோசையுடன் ஏதோவொன்று திரையின் விளிம்பிலிருந்து பாய்ந்து வருகின்றது. அது ஒரு பஸ் வண்டி! அவள் ஏறிக்கொண்டு போய்விடுகின்றாள். நடந்தது இவ்வளவே. ஆயினும் பார்ப்போர் இருக்கையை விட்டு எழும்பிவிடுவர். அன்றுதொட்டு இத்தகைய பொய்த் திடுக்கத்துக்கு 'லூட்டனின் பஸ்' என்றே திரைப்படத் துறையினர் பெயரிட்டு வழங்குகின்றனர்.

இதன் நுட்பத்தை நம்மூரார்க்கு விளக்க அதிகம் பேசவேண்டியதில்லை. பனங்கூடலினூடாக இரவிலே தனியே வந்தவர்களுக்குக் காவோலை என்ன செய்யும் என்பது தெரியும். காற்றில் அது சரசரக்கும்போது உள்ள அச்சத்தினும், காற்று ஓய்ந்து சரசரப்பும் நின்றபோது தோன்றும் அச்சம் பெரிது. பின்னர் ஓலையொன்று பொத்தென்று விழுந்தால் முனியைக் கண்டதாகவே சத்தியம் செய்வோம். ஓசையன்று, ஓசை நின்ற பின் வரும் அமைதியே நம்மைப் பிடிக்கின்றது. பஸ் வண்டிக் காட்சியில் அக்காலடி ஓசை தொடர்ந்து கேட்டிருந்தால் அக்காட்சி பாழ்.

இதே படத்தின் நீச்சற் குளக் காட்சியில், நீரின் ஒளி கூரையில் அலைபாய, சுவரில் ஒரு நிழல் நகரும். அந்நிழல் தமது கைமுட்டியை விளக்கின் முன் அசைத்து உண்டாக்கியது என்று நெறியாளரே பிற்காலத்திற் சொல்லியிருக்கின்றார். ஒரு கைமுட்டி சிறுத்தையானது பார்ப்போரின் உள்ளத்திலன்றி வேறெங்குமன்று. தெளிவின்மையே அச்சத்தின் தாய் என்பதை எட்மண்ட் பேர்க் என்னும் அறிஞர் 1757 இல் வெளியிட்ட தமது நூலில் விரித்துரைத்தார். இருளில் நாம் அஞ்சுவதன் காரணமும் இதுவே. ஆபத்தின் அளவு தெரிந்துவிட்டால் மனம் அதற்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும்; தெரியாதவரை எல்லையில்லை.

லூட்டனிடம் நெறியாளராக வளர்ந்தவர் றொபேட் வைஸ். சேர்லி ஜாக்சன் 1959 இல் எழுதிய நாவலைத் தழுவி, 1963 இல் அவர் 'த ஹோன்ரிங்' என்னும் படத்தை வெளியிட்டார். பேய்ப் படங்களுள் எனக்கு இதுவே தலையாயது. இதில் ஆவி ஓரிடத்திலும் கண்ணுக்குப் புலனாவதில்லை. மூடிய பெருங்கதவு மூச்சு விடுவதுபோல் உட்பக்கமாகப் புடைக்கின்றது, அவ்வளவே. அக்கதவை வெளியிலிருந்து தள்ளியவர்கள் படப்பிடிப்புத் தொழிலாளர். அதை அறிந்த பின்னரும் அக்காட்சியின் வலி குறைவதில்லை.

மற்றொரு காட்சியை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. இரவு. எலினோர் என்பவள் இருளிற் படுத்திருக்கின்றாள். சுவருக்கப்பால் முணுமுணுப்பும் குழந்தையின் அழுகையும் கேட்கின்றன. உடனுறையும் தோழியின் கையை இறுகப் பற்றிக்கொண்டு, நீ என் கையை நெரிக்கின்றாய் என்று அவள் முறையிடுகின்றாள். விளக்கு எரிகின்றது. தோழியோ அறையின் மறுபுறத்திலே தன் கட்டிலில் இருக்கின்றாள். அப்படியாயின் இவள் இதுவரை பற்றியிருந்த கை எவருடையது? இவ்வினாவுக்கு விடை படத்தில் இல்லை. இங்கே அச்சம் முன்னே வருவதன்று, பின்னோக்கி வருவது. ஆபத்து நேர்ந்தபோது நாம் ஆறுதல் என்று எண்ணியிருந்தோம். அஞ்சத் தொடங்குவதற்குள் அது முடிந்துவிட்டது.

இருளே வேண்டும் என்பதுமில்லை. ஹென்றி ஜேம்ஸ் 1898 இல் எழுதிய குறுநாவல் ஒன்றைத் தழுவி ஜாக் கிளேற்றன் 1961 இல் எடுத்த 'த இன்னசென்ற்ஸ்' என்னும் ஆங்கிலப் படத்திலே, பட்டப்பகலில், குளத்தின் மறுகரையிலுள்ள நாணற் புதரில் கறுப்புடை தரித்த பெண்ணொருத்தி நிற்கின்றாள். ஓடவில்லை, கை நீட்டவில்லை, வெறுமனே நிற்கின்றாள். இறந்துபோனவள் என்பது நமக்குத் தெரியும். அந்நிலையின் அசைவின்மை ஆயிரம் கூக்குரல்களுக்குச் சமம்.

இனி, அல்பிரட் ஹிச்கொக்கின் 'சைக்கோ'. 1960 இல் வெளிவந்த இப்படத்தைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். நாற்பதாயிரம் டொலரைக் களவாடிக்கொண்டு ஓடும் மரியன் என்னும் பெண் மழைக்கு ஒதுங்கி ஒரு சிறு விடுதியில் தங்குகின்றாள்; குளிக்கும்போது கொலையுண்கிறாள். முக்கால் நிமிட அளவான அக்கொலைக் காட்சியை எடுக்க ஏழு நாட்கள் பிடித்தன; எழுபதுக்கும் மேற்பட்ட கோணங்களிற் கமராவை வைத்துப் படம் பிடித்தனர். படம் கறுப்பு வெள்ளை. இரத்தமாக ஓடுவது சொக்கலேற் பாகு. கத்தி உடலில் இறங்குவதைத் தெளிவாகக் காட்டும் துண்டு அதில் இல்லை என்றே சொல்லிவிடலாம். துண்டு துண்டான படங்களை நம் மனம் தைத்து முழுமையாக்கிக்கொள்கின்றது. அதனாற்றான், கத்தி குத்தியதைக் கண்ணாற் கண்டதாகப் பலர் உறுதியாகக் கூறுவர்.

இக்காட்சிக்கு இசை வேண்டாமென்பதே ஹிச்கொக்கின் முதல் எண்ணமாயிருந்தது. இசையமைப்பாளர் பேர்ணாட் ஹேர்மன் அதற்கு உடன்படாது, வயலின் முதலிய நரம்புக் கருவிகளை மட்டுமே கொண்டு கீச்சென்று கூவும் ஓர் இசையை அமைத்துக் காட்டினார். கேட்டவுடன் ஹிச்கொக் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். பறவையின் அலறலும் பெண்ணின் அலறலும் கத்தியின் உராய்வும் அவ்விசையில் ஒன்றாகக் கேட்கும். இன்று அப்படத்தைப் பாராதவரும் அவ்வோசையை அறிவர்.

ஆயினும் கொலைக் காட்சியினும் அதனைத் தொடரும் பகுதியே என்னை அதிகம் அச்சுறுத்துவது. கதைத்தலைவி என நாம் நம்பியிருந்தவள், படம் பாதி ஓடுமுன்னரே மாண்டுவிட்டாள். இனி எவரைப் பற்றிக்கொள்வது? விடுதிக்காரனான இளைஞன் நோர்மன், தன் தாயின் குற்றத்தை மறைப்பவன்போலக் குளியலறையைக் கழுவித் துடைத்து, பிணத்தை மோட்டார் வண்டியில் ஏற்றி, சேற்றுக்குளம் ஒன்றில் வண்டியோடு அமிழ்த்துகின்றான். வண்டி மெல்ல மெல்லத் தாழ்கின்றது. இடையில் ஒரு கணம் தாழாமல் நின்றுவிடுகின்றது. அவன் முகம் வெளிறுகின்றது. அந்தக் கணத்தில், வாசகரே, நீங்கள் என்ன விரும்பினீர்கள்? வண்டி முற்றாக அமிழ்ந்துவிட வேண்டும் என்றுதான்! கொலைக்குத் துணைபோனவனின் பக்கம் நம்மை நாமறியாமலே நெறியாளர் சேர்த்துவிட்டார். பேய்க்கு அஞ்சுவது எளிது; தன் மனம் போகும் இடத்தைக் கண்டு அஞ்சுவது வேறு வகை.

திடுக்கம் வேறு, பதைப்பு வேறு என்பதை ஹிச்கொக், பிரெஞ்சு நெறியாளர் பிரான்சுவா துருபோவுடன் நிகழ்த்திய நீண்ட உரையாடலில் விளக்கினார். மேசையின் கீழ் வெடிகுண்டு இருப்பது நமக்குத் தெரியாதிருந்து அது வெடித்தாற் சில வினாடித் திடுக்கம். குண்டு இருப்பதும் வெடிக்கும் நேரமும் நமக்குத் தெரிந்து, மேசையைச் சுற்றியிருப்போர் அதை அறியாது வீண்கதை பேசிக்கொண்டிருந்தால், அவ்வீண்கதையின் ஒவ்வொரு சொல்லும் நம்மைக் கொல்லும். முன்னது உடம்பின் வேலை. பேரோசைக்கு இமைமூடித் தோள் உயர்வது பச்சிளங் குழந்தைக்கும் உண்டு. பின்னதற்கு அறிவு வேண்டும். இக்காலப் படங்களிற் பெரும்பாலானவை முன்னதை மட்டுமே நம்பிப் பிழைக்கின்றன.

ஸ்ரீவன் ஸ்பீல்பேர்க்கின் 'ஜோஸ்' (1975) பற்றி ஒரு சொல். இயந்திரச் சுறா உப்புநீரில் அடிக்கடி பழுதுபட்டமையால், 55 நாட்களுக்குத் திட்டமிட்ட படப்பிடிப்பு 159 நாட்கள் நீண்டது. சுறாவுக்குப் பதில் நீர்ப்பரப்பையும் மிதக்கும் மஞ்சட் பீப்பாய்களையும் ஜோன் வில்லியம்சின் இரண்டே சுர இசையையும் கொண்டு காலத்தை ஓட்டினர். படம் ஓடி ஒரு மணி நேரத்துக்கு மேலாகியே சுறாவை நன்றாகக் காண்கின்றோம். லூட்டனின் வறுமை செய்த உதவியை இங்கே உப்புநீர் செய்தது.

அச்சத்தையும் அருவருப்பையும் ஒன்றாக மயங்குவது இன்றைய குறை. குடலும் குருதியுமாகக் காட்டும் படங்கள் முகத்தைத் திருப்பச் செய்கின்றன; நெஞ்சை நடுங்கச் செய்வதில்லை. வடமொழி நாட்டிய நூலாரும் பயானகம் வேறு, பீபற்சம் வேறு எனப் பிரித்தே வைத்தனர். 1973 இல் வந்த 'த எக்சோசிஸ்ற்' இவ்விரண்டும் கலந்த படம். பேய் பிடித்த சிறுமியின் அறையில் மூச்சு ஆவியாகத் தெரிய வேண்டுமென்று அவ்வறையையே குளிரூட்டி உறைய வைத்துப் படம் பிடித்தார் வில்லியம் பிரீட்கின். அவள் பச்சை நீர் கக்குவது எனக்கு அருவருப்பையே தந்தது. வைத்தியசாலையிலே, கண்ணியமான வைத்தியர்கள் அச்சிறுமியின் கழுத்தில் ஊசியேற்றிப் பரிசோதிக்கும் காட்சியோ உண்மையாகவே அச்சுறுத்தியது. அதிற் பேயும் இல்லை, பொய்யும் இல்லை.

துன்பந்தரும் அச்சத்தை மனிதர் காசு கொடுத்து நாடுவது ஏன்? அஞ்சியபோது துடித்த நாடி, ஆபத்து நீங்கியபின்னும் உடனே தணிவதில்லை; அவ்வேகம் மகிழ்ச்சியுடன் கலந்து அதைப் பெருக்குகின்றது என உளநூலார் கூறுவர். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தான் இருக்கும் நாற்காலி பாதுகாப்பானது என்ற நம்பிக்கை பார்ப்பவனுக்கு வேண்டும். 1990 ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலத்திலே, இயந்திரம் இயக்கி வீடியோவிற் படம் பார்த்தவர்கள் நம்முள் உள்ளனர். வானூர்தியின் இரைச்சல் கேட்டவுடன் இயந்திரத்தை நிறுத்திப் பதுங்கு குழிக்கு ஓடியவர்களுக்குத் திரையிலுள்ள பேய் என்ன செய்யும்? தொல்காப்பியரின் நான்காம் நிலைக்களன் திரைக்கு அதிகம் வராமைக்கு இதனையே காரணமாகக் கருதுகின்றேன். அதிகாரத்துக்கு அஞ்சி வாழ்வோர்க்கு அது கதையன்று. அஞ்சாது வாழ்வோர்க்கோ அது விளங்குவதில்லை. போர் 2009 இல் முடிந்தபின் வளர்ந்த பிள்ளைகள் பேய்ப் படங்களை விரும்பிப் பார்க்கின்றனர் என்று பெற்றோர் சிலர் குறைப்படுகின்றனர். நான் அதில் மகிழ்ச்சியே அடைகின்றேன்.

அப்பிள்ளைகள் அறிந்த படம் நக்கற்றா ஹிடேயோ 1998 இல் எடுத்த யப்பானியப் படமாகிய 'ரிங்கு'. அதன் இறுதியிற் கிணற்றிலிருந்து ஏறிவரும் பெண்ணின் நடை இயல்பான மனித நடையாயில்லை. நடிகையைப் பின்னோக்கி நடக்கச் செய்து, அப்படத்தைத் தலைகீழாக ஓட்டினர். எங்கே பிழை என்று கண்ணாற் சொல்ல முடியாது. பிழை உண்டென்பதை மட்டும் உடம்பு அறிகின்றது. பின்னர் அவள் தொலைக்காட்சிப் பெட்டியின் கண்ணாடியைக் கடந்து அறைக்குள்ளேயே வந்துவிடுகின்றாள். நாற்காலியின் பாதுகாப்பை நேரே தாக்கிய காட்சி இது.

கைத்தொலைபேசியில், பகலில், பாதிப் பாதியாக இப்படங்களைப் பார்ப்பதாற் பயனில்லை. 'சைக்கோ' வெளிவந்தபோது படம் தொடங்கியபின் எவரையும் கொட்டகைக்குள் விடக்கூடாதென ஹிச்கொக் கண்டிப்பாயிருந்தார். நம் பழைய மாணவர் சங்கத்தார் என்றேனும் ஓரிரவு மண்டபத்திற் படம் காட்ட விரும்பினால் 'த ஹோன்ரிங்' என்பதையே தெரிக. விளக்குகளை முற்றாக அணைத்துவிடுக. கதவைச் சாத்துமுன் தேநீர் கொடுத்து முடித்துவிடுக.