விந்தணு தேடும் அறுவை: பயனை முன்கூட்டி அறியக் கூடுமா?

என்னிடம் முன்பு பயின்ற மாணவர் ஒருவர் ஒரு மாலை இரத்தச் சோதனைத் தாளுடன் என் வீட்டிற்கு வந்தார். மணமாகி ஆறாண்டுகள், பிள்ளைப் பேறில்லை. அதுவரை ஏச்சும் பேச்சும் கேட்டவர் அவருடைய மனைவியே. தாளில் ஓர் எண்ணின் கீழ்ச் சிவப்புக் கோடு இடப்பட்டிருந்தது. "ஐயா, இந்த எண் உயர்ந்திருப்பதால் இனி வழியில்லை என்கிறார்கள். உண்மைதானா?" என்று கேட்டார். நான் மருத்துவனல்லேன். எனினும் நூல்களைப் படித்தும் அறிந்தோரை வினவியும் நான் தெளிந்தவை பிறர்க்கும் பயன்படுமாதலின், அவற்றை ஈண்டு எழுதுகிறேன்.

ஏறக்குறைய நூறு ஆடவருள் ஒருவருக்கு விந்து நீரில் விந்தணுவே காணப்படுவதில்லை. இந்நிலை இருவகைப்படும். முதல் வகையில் விந்தகம் அணுக்களை முறையாக ஆக்குகிறது. அவை வெளிவரும் வழிதான் அடைபட்டிருக்கிறது. இத்தகையோரிடம் ஊசியாலோ சிறு அறுவையாலோ விந்தணுவை எடுத்தல் பெரும்பாலும் கைகூடும். இரண்டாம் வகையில் அடைப்பில்லை, ஆக்கமே குன்றியுள்ளது. ஐயம் எழுவது இவ்விரண்டாம் வகையினரைப் பற்றியே.

1992ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டின் பிரசல்ஸ் நகர மருத்துவர்கள், ஒரே ஒரு விந்தணுவைக் கருமுட்டையினுள் நுண்ணூசியால் செலுத்திக் கருத்தரிக்கச் செய்ததை உலகுக்கு அறிவித்தனர். அன்று முதல் கோடிக்கணக்கான அணுக்கள் தேவையில்லை. சில கிடைத்தாலே போதும் என்றாயிற்று. 1999ஆம் ஆண்டில் நியூயார்க் மருத்துவர் பீட்டர் ஷ்லெகல் புதியதோர் அறுவை முறையை விளக்கினார். விந்தகத்தைத் திறந்து, நுண்ணோக்கியின் துணையால் உள்ளிருக்கும் நுண்குழாய்களை ஆராய்ந்து, அவற்றுள் பருத்து வெண்மையாகத் தோன்றுபவற்றை மட்டும் தேர்ந்தெடுப்பதே அம்முறை. இரண்டாம் வகையினருள் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இதனால் விந்தணு கிடைக்கிறது.

எஞ்சிய பாதிப் பேருக்கு அறுவையின் வலியும் செலவும் ஏமாற்றமுமே மிச்சம். ஆதலின், யாருக்குக் கிடைக்கும் என்பதை முன்கூட்டியே அறிய மருத்துவர் முயல்வது இயல்பே.

என் மாணவரின் தாளில் இருந்த எண், எஃப்.எஸ்.எச். எனப்படும் ஹார்மோனின் அளவு. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி இதனைச் சுரக்கிறது. விந்தணு ஆக்கம் குன்றும்போது இது பெருகும். ஆகவே, எண் உயர்ந்தால் முயற்சி வீண் என நெடுங்காலம் கருதினர். இக்கருத்தின் பிழை யாது? ஒரு வகுப்பின் சராசரி மதிப்பெண் மிகத் தாழ்ந்திருப்பதால், அவ்வகுப்பில் தேர்ச்சி பெற்றவன் ஒருவனும் இல்லை என்று எந்த ஆசிரியராவது சொல்வாரா? அந்த எண் விந்தகம் முழுமையின் பொதுநிலையைக் காட்டுகிறது. ஒரு மூலையில் அணுவாக்கம் நடைபெறும் சிறு பகுதி உண்டா என்பதைக் காட்டுவதில்லை. மருத்துவர் தேடுவதோ அச்சிறு பகுதியையே. நியூயார்க்கில் 792 ஆடவரை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவும் இதனையே கூறுகிறது. எண் 15க்குக் கீழிருந்தோருள் 51 விழுக்காட்டினரிடமும், 45க்கு மேலிருந்தோருள் 60 விழுக்காட்டினரிடமும் விந்தணு கிடைத்தது.

விந்தகத்தின் அளவும் இத்தகையதே. எக்ஸ் குரோமோசோம் ஒன்று மிகுதியாகப் பெற்றுப் பிறக்கும் கிளைன்ஃபெல்டர் நிலையினருக்கு விந்தகம் மிகச் சிறியது. எனினும் அவர்களுள்ளும் 40 முதல் 50 விழுக்காட்டினரிடம் விந்தணு கிடைப்பதுண்டு.

உறுதியாக விடை சொல்வது மரபணுச் சோதனை ஒன்றே. ஒய் குரோமோசோமில் விந்தணு ஆக்கத்திற்குரிய ஏ, பி, சி என்னும் மூன்று பகுதிகள் உள்ளன. ஏ அல்லது பி பகுதி முற்றும் அற்றிருப்பின், விந்தணு கிடைத்தல் அரிதினும் அரிது. அறுவையைத் தவிர்ப்பதே நன்று. சி பகுதி மட்டும் அற்றிருப்பின், ஏறக்குறையப் பாதிப் பேரிடம் கிடைக்கும். ஆனால் அக்குறை பிறக்கும் ஆண்மகவுக்கும் செல்லும் என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

திசுவைச் சிறிது எடுத்து ஆராய்வதும் ஓரளவு உதவும். முதிர்ந்த அணு எங்கேனும் தென்பட்டால் நம்பிக்கை மிகும். தென்படாவிடின் நம்பிக்கை குறையுமேயன்றி அற்றுப் போகாது. பார்த்தது ஓரிடத்தை மட்டுமே அன்றோ! பல அளவுகளையும் ஒன்றுகூட்டிக் கணினியால் கணிக்கும் முறைகளும் இன்று உள்ளன. அவை தருவதும் வாய்ப்பின் அளவையே, தீர்ப்பையன்று.

இவற்றையெல்லாம் சொல்லி, மரபணுச் சோதனை செய்தீர்களா என்று மாணவரைக் கேட்டேன். இல்லை என்றார். முதலில் அதனைச் செய்க. பின்னர் அறுவை வேண்டுமா வேண்டாவா என்பதைக் கணவனும் மனைவியும் கூடி முடிவு செய்க என்றேன். சில வாரங்கள் கழித்து மீண்டும் வந்தார். மூன்று பகுதிகளும் குறைவின்றி இருப்பதாகச் சோதனை காட்டிற்று. அறுவையைப் பற்றி அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால், "குறை என்னிடந்தான் அம்மா, அவளை இனி ஒன்றும் சொல்லாதீர்கள்" என்று தம் தாயிடம் தாமே சொல்லிவிட்டதாகக் கூறினார். அறுவையின் பயன் எதுவாயினும், அவ்வீட்டில் ஒரு பெண்ணின் மேல் சுமத்தப்பட்ட பழி அன்றே நீங்கிற்று.