லெவின் விட்டுச் சென்ற செல்வம்

ஓர் ஆசிரியரின் பெருமையை அவர் எழுதிய நூல்களைக் கொண்டு அளப்பவர் உண்டு. அவர் உருவாக்கிய மாணவர்களைக் கொண்டு அளப்பதே முறை என்பது என் கருத்து. அவ்வாறு அளந்தால், மேலாண்மை இயலில் முன்வரிசையில் நிற்பவர் குர்ட் லெவின்.

இன்று போலந்து நாட்டில் உள்ள மொகில்னோ என்னும் சிற்றூரில், 1890-ஆம் ஆண்டு, யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார் லெவின். பெர்லின் பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பித்தார். வகுப்பு முடிந்தபின் மாணவர்களோடு காபிக் கடையில் அமர்ந்து மணிக்கணக்கில் விவாதிப்பது அவர் வழக்கம். அங்குப் பரிமாறுபவர், எதையும் எழுதி வைக்காமலே கணக்கை ஒப்பித்ததையும், பணம் பெற்றபின் அதை மறந்துவிட்டதையும் அவர்கள் கண்டதாகக் கூறுவர். முடியாத வேலைதான் மனத்தில் நிற்குமோ என்ற வினா எழுந்தது. மாணவி புளூமா சைகார்னிக் அதைச் சோதித்து, 1927-இல் முடிவை வெளியிட்டார். பிற்காலத்தில் அச்சோதனையைத் திரும்பச் செய்த எல்லாருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. அவ்விளைவு இன்றும் ஆசிரியர் பெயரால் அன்று, மாணவியின் பெயராலேயே வழங்குகிறது.

இயற்பியல் பயிலும் என்னைக் கவர்ந்தது, லெவின் நம் பாடத்திலிருந்து எடுத்துக்கொண்ட ‘புலம்’ என்னும் கருத்தாகும். காந்தத்தின் அருகே இரும்புத்தூள் ஏன் வளைந்து வளைந்து அமைகிறது என்பதைத் தூளை மட்டும் ஆராய்ந்து சொல்ல முடியுமா? அதுபோலவே மனிதனின் நடத்தையையும், அவனையும் அவன் சூழலையும் சேர்த்தே அறிய வேண்டும் என்றார் லெவின். ஒருவனை முன்னே தள்ளும் விசைகள் உண்டு. தடுக்கும் விசைகளும் உண்டு. தள்ளுவதைக் கூட்டினால் மனத்தில் இறுக்கம் மிகும். தடையைக் குறைத்தால் அவன் தானே நகர்வான்.

1933-இல் இட்லர் ஆட்சிக்கு வந்ததும் லெவின் அமெரிக்கா சென்றார். அவருடைய தாயாரோ நாஜி முகாமில் மாண்டார். அமெரிக்காவில் ஹார்வுட் என்னும் பைஜாமா தொழிற்சாலையில் அவர் தொடங்கிய ஆய்வு வழியை, அங்கு அவரோடு பணிசெய்தவர்கள் தொடர்ந்தனர். வேலைமுறையை மாற்றும்போது தொழிலாளரைக் கலக்காமல் உத்தரவிட்ட பிரிவில் உற்பத்தி சரிந்தது; 40 நாள்களில் நூற்றுக்குப் பதினேழு பேர் வேலையை விட்டனர். எல்லாரையும் கலந்து முடிவெடுத்த பிரிவுகளிலோ உற்பத்தி விரைவில் முன்னிருந்த அளவையும் தாண்டியது. ஒருவரும் விலகவில்லை. 1948-இல் வெளிவந்த இம்முடிவு மேலாண்மைப் பாடத்தில் நிலைத்த இடம் பெற்றது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஏழை வீட்டுப் பிள்ளை மதிப்பெண் குறைந்தால், ‘இவனுக்குப் படிப்பு ஏறாது’ என்று ஊர் சொல்லிவிடும். அது இரும்புத்தூளை மட்டும் பார்க்கும் பார்வை. என் தாயார் எழுதப் படிக்க அறியாதவர். ‘படி, படி’ என்று என்னை அவர் ஒருநாளும் விரட்டியதில்லை. மாலையில் தண்ணீர் எடுக்கும் வேலையை என்னிடமிருந்து தாமே வாங்கிக்கொண்டார். லெவின் பெயரைக் கேட்டறியாமலே தடுக்கும் விசை ஒன்றை அவர் நீக்கினார்.

1946-இல் கனெக்டிகட் மாநிலத்தில் நடந்த பயிற்சி முகாமில், ஆய்வாளர்கள் இரவில் கூடி, பகலில் பயிற்சி பெற்றவர்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். ‘நாங்களும் அமர்ந்து கேட்கலாமா?’ என்று பயிற்சி பெற்றவர் சிலர் கேட்டனர். லெவின் இசைந்தார். தம்மைப் பற்றிச் சொன்னதை அவர்கள் மறுத்தனர், விவாதம் சூடேறியது, இரு தரப்பும் கற்றன. உலகெங்கும் நிறுவனங்கள் பின்பற்றிய குழுப் பயிற்சி முறை பிறந்தது அங்கேதான்.

மறு ஆண்டே, 56 வயதில், லெவின் மறைந்தார். ஆனால் ஃபெஸ்டிங்கர், கார்ட்ரைட், லிப்பிட், டாய்ட்ச் போன்ற அவர் வழிவந்தோர் அப்பணியை வளர்த்தனர்.

நண்பர்களே! பின்தங்கிய ஒருவனைக் கண்டால், ‘இவனிடம் என்ன குறை?’ என்று கேட்குமுன், ‘இவனைத் தடுப்பது எது?’ என்று கேட்போம். நாளை நம்மில் பலர் ஆசிரியராவோம், அலுவலராவோம், நமக்குக் கீழே பலர் பணிபுரிவர். அன்றும் இந்த வினாவை மறவாதிருந்தால், லெவின் விட்டுச் சென்ற செல்வத்தில் நமக்கும் பங்குண்டு.