சக்கரம் முனகுகிறதா? சம்பள நாள் வரை காத்திராதீர்கள்!

தோட்டத்தில் வாழ்ந்த நாளில் நம்மவர்களுக்குக் கார் தேவைப்படவில்லை. விடியற்காலையில் பெரட்டுக்கு நடந்தே போனார்கள். வேலைக்காடு வாசலுக்கு எதிரிலேயே இருந்தது. 1990ஆம் ஆண்டுகளில் புத்ராஜெயா எழுந்தபோது பிராங் பெசார், கேலவே, மெடிங்லி, செட்ஜ்லி தோட்டத்துக் குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குக் குடிவந்தன. இன்று வேலை சைபர்ஜெயாவிலும் சிப்பாங் விமான நிலையத்திலும் கிடக்கிறது. கார் ஓடினால்தான் அடுப்பு எரியும்.

அந்தக் கார் பெரும்பாலும் பழையதுதான். 1994இல் வெளிவந்து 2009இல் உற்பத்தி நின்றுபோன கஞ்சில் இன்னும் எத்தனையோ வீட்டு வாசல்களில் நிற்கிறது. இத்தகைய வண்டிகளில் நாம் கவனிக்கத் தவறும் ஒரு சிறு பொருள் உண்டு. அதுதான் சக்கரப் பேரிங். பெருந்தேரைத் தாங்கும் சிற்றச்சாணியை எண்ணிப் பாருங்கள். காரில் அந்த வேலையைச் செய்வது இதுவே.

பேரிங் ஏன் தேய்கிறது?

இரண்டு எஃகு வளையங்கள். அவற்றுக்கிடையே உருளும் குண்டுகள் அல்லது உருளைகள். உராய்வைத் தடுக்கக் கிரீஸ். தண்ணீரும் மண்ணும் புகாமலிருக்க ஒரு மூடி. பேரிங் என்பது இவ்வளவுதான். செம்பனைத் தோட்டத்துக் குழிச் சாலையில் ஒவ்வோர் அடியும் அந்தக் குண்டுகள் மீதே விழுகிறது.

அதைவிடக் கொடிய பகை தண்ணீர். 2021 டிசம்பர் வெள்ளம் டெங்கிலையும் விட்டுவைக்கவில்லை. ஓடிச் சூடான சக்கரம் குளிர்ந்த வெள்ளத்தில் இறங்கும்போது, உள்ளேயிருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சிவிடலாம். கிரீஸ் கெட்டு, குண்டுகளில் துருப் பிடிக்கும். அன்றைக்கே ஒன்றும் தெரியாது. பல வாரங்கள் கழித்தே சத்தம் கிளம்பும். வெள்ளத்தில் ஓட்டிய வண்டியென்றால் பின்னரும் காது கொடுத்துக் கேளுங்கள்.

அறிகுறிகள் எவை?

முதலில் ஒரு முனகல். வேகம் கூடக்கூட அதுவும் கூடும். நாளடைவில் அது அரைக்கும் சத்தமாக மாறும். டயர்ச் சத்தமும் இப்படித்தானே இருக்கும் என்பீர்கள். சாலை வழவழப்பிலிருந்து சொரசொரப்புக்கு மாறும்போது டயர்ச் சத்தம் மாறும்; பேரிங் சத்தம் அவ்வளவாக மாறாது.

எந்தப் பக்கம் என்றறிய ஒரு வழி உண்டு. மிதமான வேகத்தில் வலப்பக்க வளைவில் திரும்பும்போது வண்டியின் பாரம் இடப்பக்கம் சாயும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் இடப்பக்கப் பேரிங்தான் குற்றவாளி. இடப்பக்கம் திரும்பும்போது கூடினால் வலப்பக்கம். முழுக்க ஒடித்துத் திரும்பும்போது மட்டும் ‘டக் டக்’ என்று கேட்டால், அது வேறு நோய். முன்சக்கர அச்சின் மூட்டைப் பாருங்கள்.

பிறகு, சமதரையில் வண்டியை நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்குங்கள். வண்டிக்கு அடியில் மட்டும் நுழையாதீர்கள். சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்து, 12இலும் 6இலும் கை வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடுகிறதா? வீட்டில் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங் மீதே சந்தேகம். நிற்காவிட்டால் வேறு மூட்டுகள் தேய்ந்திருக்கும். சக்கரம் ஆடவில்லை என்பதால் நிம்மதியடைய வேண்டாம். ஆடாமலே முனகும் பேரிங்கும் கெட்டதுதான்.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

டாட்சன் 120ஒய் காலத்து முன்சக்கரப் பேரிங்கைத் திறந்து, கிரீஸ் போட்டு, நட்டை முடுக்கி மீண்டும் ஓட்டலாம். இன்றைய மூடிய பேரிங்கில் அது நடவாது. முழுவதையும் மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஒரு பக்கம் கெட்டால் இரு பக்கமும் மாற்ற வேண்டுமென்ற கட்டாயமில்லை. நல்ல பக்கத்துக்கு வீணாக ஏன் வெள்ளியைச் செலவிட வேண்டும்?

அழுத்திப் பொருத்தும் வகைப் பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றினால், அந்த அடி குண்டுகள் வழியே பாய்ந்து புதியதையும் கெடுக்கும். அழுத்தும் எந்திரம் உள்ள பட்டறையையே நாடுங்கள். நட்டையும் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கே, அளவு காட்டும் சாவியால் முடுக்க வேண்டும். ஏபிஎஸ் பிரேக் உள்ள வண்டிகள் சிலவற்றில் பேரிங்கின் ஒரு முகத்தில் காந்த வளையம் இருக்கும். திருப்பிப் போட்டுவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும். பேர்போன நிறுவனங்களின் பெயரில் போலிகளும் விற்கப்படுகின்றன. நம்பிக்கையான கடையில் வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கழற்றிய பழைய பேரிங்கையும் கேட்டு வாங்கி, விரலால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றிருந்தால் மாற்றியது நியாயம் என்று உங்களுக்கே விளங்கும்.

பொறுக்கலாமா?

“அடுத்த சம்பளம் வரட்டுமே” என்பதுதான் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு. மெல்லிய முனகல் மட்டும் என்றால், நெடுஞ்சாலை ஏறாமல் மெதுவாகப் பட்டறை வரை ஓட்டிச் செல்லலாம். சக்கரம் ஆடினாலோ, அரைக்கும் சத்தம் கேட்டாலோ, ஒரு சக்கரம் மட்டும் அனல் கக்கினாலோ, வண்டியை ஓட்டவே கூடாது. இழுவை வண்டியை அழையுங்கள். அந்த நிலையில் சக்கரம் இறுகிப் போகலாம். கழன்றே ஓடவும் கூடும். உள்ளே இருப்பவர்கள் உங்கள் பிள்ளைகள் என்பதை மறந்துவிடலாகாது.

பேரிங் திடீரென்று கைவிடுவது அபூர்வம். முனகி முனகி நமக்குத் தவணை கொடுக்கிறது. முதல் முனகலிலேயே மாதச் செலவில் ஒரு தொகையை ஒதுக்கத் தொடங்குங்கள். அதற்காக மாதக் கணக்கில் தள்ளிப் போடாதீர்கள். இன்று வீடு திரும்பும் வழியில், ஆளில்லாத சாலையில், வானொலியைச் சற்றே நிறுத்திவிட்டு உங்கள் வண்டி என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.