முளைத்த தானியமும் மழலையின் கஞ்சியும்

விதைப்புக் காலம் நெருங்கிவிட்டால் ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கடலோரமாக வரிசைபெற அமைந்துள்ள ஊர்களில் ஒரு காட்சியை நாம் தவறாது காணலாம். விதைநெல் நிறைந்த சாக்கு ஒரு நாள் முழுவதும் நீரில் அமிழ்ந்து கிடக்கும். பின்னர் அதனைக் கரையேற்றி, நீரை வடியவிட்டு, ஈரச் சாக்கினாலும் வைக்கோலினாலும் மூடி வைப்பார்கள். மறுநாள் அந்தச் சாக்கினுள்ளே கையை நுழைத்துப் பார்த்தவர்கள், காய்ச்சல் கண்ட குழந்தையின் உடல்போல நெல் சுடுவதை உணர்ந்திருப்பார்கள். சூடு மிகுந்தால் முளை வெந்துபோகும் என்பதால் நீர் தெளித்துப் புரட்டிவிடுவார்கள். ஓரிரு நாளில் ஒவ்வொரு நெல்மணியின் நுனியிலும் வெண்முத்துப்போல ஒரு முளை எட்டிப்பார்க்கும். அதன் பின்னரே விதை சேற்று வயலுக்குச் செல்கிறது.

இவ்வாறு நெல்லை முளைகட்டுகின்ற விவசாயி, உலகின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்றின் முற்பாதியைத் தம்மை அறியாமலே செய்து முடித்துவிடுகிறார். அவர் முளைத்த தானியத்தை மண்ணில் இடுகிறார். மேல்நாட்டார் அதே தானியத்தை உலர்த்தி, மதுச்சாலைக்கு அனுப்புகின்றனர். இவ்விரண்டையும் தவிர மூன்றாவது வழியொன்றும் உண்டு. அது சமையலறையின் வழி, தாய்மாரின் வழி. அதைப் பற்றிப் பேசுவதே நமது நோக்கம்.

விதையினுள்ளே நடப்பது யாது?

ஒரு தானிய மணி என்பது, உறங்கும் சிசுவும் அதற்கு வேண்டிய கட்டுச்சோறும் ஒன்றாக அடைபட்ட சிறு பேழையாகும். அக்கட்டுச்சோறு மாப்பொருள். ஆனால் சிசுவால் மாப்பொருளை அப்படியே உண்ண இயலாது. நீர் பட்டு விழித்தெழுந்ததும், மணியின் உறைக்கு அடுத்துள்ள மெல்லிய படையானது சில நொதியங்களைச் சுரக்கிறது. அவற்றுள் தலையாயது அமிலேசு. நீண்ட சங்கிலிபோன்ற மாப்பொருளை அது துண்டு துண்டாக வெட்டி, இனிய வெல்லமாக மாற்றுகிறது. முளைத்த பயறும் முளைத்த குரக்கனும் வாயில் இட்டவுடன் சற்றே இனிப்பதற்குக் காரணம் இதுவே.

முளை நீண்டு வளர்ந்தால் அந்த வெல்லமெல்லாம் செடிக்கே செலவாகிவிடும். ஆகவே நொதியங்கள் நிறைந்து, சேமிப்பு இன்னும் குறையாதிருக்கும் தறுவாயில் முளையை நிறுத்தி உலர்த்திவிட வேண்டும். இவ்வாறு முளைக்கவைத்து உலர்த்திய தானியத்தையே ஆங்கிலேயர் மோல்ற் என்று அழைக்கின்றனர். நாம் இதனை முளைத்தானியம் என்றும், அதன் மாவை முளைமா என்றும் கூறுவோம்.

மதுச்சாலையின் வழி

ஐரோப்பியர் இதற்குத் தேர்ந்த தானியம் பார்லி. மாப்பொருளை வெட்டும் நொதியங்கள் அதில் மிகுதி. உமியும் எளிதில் கழலாது. அதனை இரண்டு நாளளவில் விட்டுவிட்டு நீரில் ஊறவைப்பர். நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கு ஈரம் ஏறியதும், குளிர்ந்த தளத்தில் பரப்பி, நான்கைந்து நாட்கள் மரப்பலகையாற் புரட்டிப் புரட்டி முளைக்கவிடுவர். இறுதியில் சூளையில் இட்டு, ஈரம் நூற்றுக்கு ஐந்து பங்காகக் குறையும்வரை உலர்த்துவர். ஸ்கொட்லாந்தில் சில இடங்களில் இச்சூளைக்கு முற்றாநிலக்கரியை எரிப்பதால், அதன் புகை மணம் அந்நாட்டு விஸ்கியிலும் ஏறிவிடுகிறது.

உலர்ந்த முளைத்தானியத்தை நொறுக்கி, ஏறக்குறைய 65 பாகை சூடுள்ள நீரிற் கலந்தால், எஞ்சிய மாப்பொருளும் வெல்லமாகி இனிய சாறு கிடைக்கும். அச்சாற்றில் மதுவம் என்ற நுண்ணுயிரைச் சேர்த்தபின்னரே வெல்லம் மதுசாரமாகிறது. அதனை அப்படியே பருகினால் பியர். வாலையில் இட்டு வடித்தால் விஸ்கி. மதுசாரம் 78 பாகையிலேயே ஆவியாவதால், நீரினின்றும் அதனைப் பிரித்தெடுக்க முடிகிறது.

நம் நாட்டில் இத்தொழில் ஏன் தோன்றவில்லை என்று மாணவர்கள் வினவலாம். விடை தென்னை மரத்தில் இருக்கிறது. தென்னம் பாளையில் வடியும் பதநீரில் வெல்லம் ஆயத்தமாகவே உள்ளது. கள்ளுக்கும் சாராயத்துக்கும் மாப்பொருளை வெட்டும் நொதியம் தேவைப்படவில்லை. ஆதலால் முளைகட்டும் கலையும் அத்தொழிலுக்குத் தேவைப்படவில்லை. தென்னையும் பனையும் இல்லாத நாட்டாரே தானியத்தின் உள்ளே ஒளிந்திருந்த இனிப்பைத் தேடினர். கிழக்கு ஆபிரிக்காவின் உகண்டாவில் நம் குரக்கனையே முளைக்கவைத்து மது ஆக்குகின்றனர். ஊரார் ஒரே பானையைச் சுற்றி அமர்ந்து, நீண்ட குழல்களால் அதனை உறிஞ்சுவது அங்குள்ள வழக்கம். குரக்கனின் தாயகமும் அந்தக் கிழக்கு ஆபிரிக்க மேட்டுநிலங்களே.

மதுவை விலக்கிய இல்லங்களிலே, முளைத்தானியம் என்ற பெயரைக் கேட்டதும் ஓர் ஐயம் எழுவது இயல்பு. நாம் மேலே கூறியதைக் கவனித்தால் அந்த ஐயம் நீங்கும். முளைகட்டுதல் வேறு, புளிக்கவைத்தல் வேறு. முளைத்து உலர்ந்த தானியத்தில் மதுசாரம் இல்லை. மதுவம் சேர்ந்து நாட்பட்டால்தான் அது மதுவாகிறது. ஒரே வீதி இரண்டாகப் பிரியும் முச்சந்தியில் நாம் நிற்கிறோம். ஒரு கிளை வாலைக்குச் செல்கிறது, மற்றது தொட்டிலுக்குச் செல்கிறது.

தொட்டிலின் வழி

இந்த இரண்டாம் கிளையில் விஞ்ஞானிகள் நடக்கத் தொடங்கி நெடுங்காலமாயிற்று. 1833ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு இரசாயன அறிஞர்களான பயென், பேர்சோ என்ற இருவர், முளைத்த பார்லியிலிருந்து மாப்பொருளைக் கரைக்கும் பொருளொன்றைப் பிரித்தெடுத்து, அதற்குத் தயஸ்தேசு என்று பெயரிட்டனர். மனிதன் முதன்முதலாகப் பிரித்தறிந்த நொதியம் அதுவே. 1865இல் ஜேர்மானிய அறிஞர் லீபிக், கோதுமை மா, முளைமா, பசுப்பால் ஆகியவற்றைச் சேர்த்துக் குழந்தைகளுக்கான உணவொன்றை வகுத்தார். இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற ஹோர்லிக் சகோதரர்கள் 1873இல் தொழில் தொடங்கி, 1883இல் முளைத்தானியமும் பாலும் சேர்ந்த தூளுக்கு உரிமைப் பத்திரம் பெற்றனர். இன்று நம் கடைகளின் மேற்தட்டில் அழகிய போத்தல்களில் வீற்றிருக்கும் பானத் தூள்களின் வரலாறு இதுதான். அவற்றின் உயிர்நாடியான வித்தை, விதைநெற் சாக்கினுள்ளே நிகழும் அதே வித்தையாகும்.

கெட்டியான கஞ்சியின் துன்பம்

ஆறு மாதம்வரை தாய்ப்பாலே குழந்தைக்குப் போதுமான உணவு. அதன் பின்னர் அன்னம் ஊட்டத் தொடங்கும்போது ஒரு துன்பம் வந்து சேர்கிறது. அரிசி மாவையோ குரக்கன் மாவையோ காய்ச்சினால், மாப்பொருள் நீரைக் குடித்து வீங்கிக் களிபோல இறுகிவிடும். பல் முளைக்காத குழந்தை அதனை விழுங்காது. தாய் என்ன செய்வாள்? நீரை விட்டு இளக்குவாள். கஞ்சி இளகிவிடும், ஆனால் அதிலுள்ள உணவு குறைந்துவிடும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். குழந்தையின் இரைப்பை, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய 30 மில்லிலீற்றர் கொள்ளும் என்பர். எட்டுக் கிலோ நிறையுள்ள குழந்தைக்கு ஒருவேளைக்கு 240 மில்லிலீற்றர். அஃதாவது ஒரு பெரிய கோப்பை. இளக்கிய சாதாரணக் கஞ்சியில் அந்தக் கோப்பையினுள்ளே இருக்கும் மா 20 கிராம் அளவே. அதனால் கிடைப்பது சுமார் 70 கலோரி. வயிறு நிறைந்துவிட்டது என்று குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உடலோ பசித்தபடியே இருக்கும். வயிறு நிறைய ஊட்டியும் பிள்ளை தேறவில்லையே என்று ஏங்கும் தாய்மாரின் கவலைக்கு இதுவும் ஒரு காரணம்.

முளைமாவின் அருமை இங்கேதான் விளங்குகிறது. அதிலுள்ள அமிலேசு, மாப்பொருளின் சங்கிலிகளை அறுத்துவிடுவதால், கஞ்சி நீரில்லாமலே இளகிவிடுகிறது. அதே கோப்பையில் 50 கிராம் அளவு மாவைச் சேர்த்தாலும் குழந்தை பருகக்கூடிய பதத்தில் இருக்கும். கிடைப்பது சுமார் 170 கலோரி. கோப்பையும் ஒன்றே, வயிறும் ஒன்றே. உணவோ இரண்டு மடங்குக்கு மேல். மைசூரில் 1950இல் திறக்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் கேழ்வரகை முளைகட்டும் முறையை நுணுக்கமாக ஆராய்ந்திருக்கின்றனர். பரோடாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாரா கோபால்தாஸ் என்ற அம்மையாரும் அவருடைய குழுவினரும், சிறிதளவு முளைமாவே ஒரு கிண்ணக் கஞ்சியை இளக்கிவிடும் என்பதை 1980களில் எடுத்துக்காட்டினர்.

கேழ்வரகு என்று தமிழகத்தார் அழைப்பது நம் குரக்கனையே. சிறுதானியங்களுள் முளைகட்டுவதற்கு மிகவும் ஏற்றது இது. நூறு கிராம் குரக்கனில் சுமார் 350 மில்லிகிராம் கல்சியம் உண்டு. அரிசியில் உள்ளதோ அதன் சிறு துளியே. முளைகட்டும்போது, இரும்புச் சத்தைப் பிணைத்துவைக்கும் பைற்றிக் அமிலம் குறைவதால், அச்சத்து உடலிற் சேர்வதும் எளிதாகிறது.

வீட்டிலே செய்யும் முறை

உண்பதற்கென வாங்கிய முழுக் குரக்கன் ஒரு கிலோவைக் கல், மண் நீங்கச் சுளகிற் புடைத்து, நன்கு கழுவி, சுத்தமான நீரில் ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். காலையில் நீரை வடித்து, மீண்டும் கழுவி, சுத்தமான ஈரத்துணியிற் கட்டி, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். காலையும் மாலையும் நீர் தெளித்துப் புரட்டிவிடுதல் அவசியம். நமது கரையோர வெப்பத்தில் இரண்டு நாளில், மிஞ்சினால் மூன்று நாளில், தேவையான முளை வந்துவிடும்.

பின்னர் பாயில் மெல்லிதாகப் பரப்பி, கடும் வெயிலில் மொறுமொறுப்பாகும்வரை காயவைக்க வேண்டும். காய்ந்ததைக் கைகளாற் கசக்கிப் புடைத்தால், வேர்முளைகள் உதிர்ந்துபோகும். இதனை இரண்டு பங்காக்கலாம். பெரும்பங்கைத் தாச்சியில் இளஞ்சூட்டில் மணம் வரும்வரை வறுத்துத் திரித்து, அரிதட்டில் அரித்து வைத்துக்கொள்ளலாம். சிறுபங்கை வறுக்காமலே திரித்து வேறாக வைக்க வேண்டும். ஏனெனில் கடுஞ்சூட்டில் அமிலேசு அழிந்துவிடும். மணம் வறுத்த மாவில் உண்டு. கஞ்சியை இளக்கும் வலிமை வறுக்காத மாவில் உண்டு.

வழக்கம்போலக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி இறக்கி, கொதி அடங்கியபின், வறுக்காத முளைமாவில் ஒரு தேக்கரண்டியைத் தூவிக் கிளறிப் பாருங்கள். சில நிமிடங்களிலேயே களி கூழாகவும், கூழ் பாலாகவும் இளகுவதைக் கண்ணாற் காணலாம். அதன் பின்னர் மீண்டும் ஒருமுறை கொதிக்கவைத்தே குழந்தைக்கு ஊட்ட வேண்டும். இந்த இரண்டாம் கொதியை எக்காரணங்கொண்டும் விட்டுவிடலாகாது. ஈரத்திலே கிடந்த தானியத்தில் முளையோடு கிருமிகளும் வளர்ந்திருக்கும்.

விழிப்பாயிருக்க வேண்டியவை

வயலுக்கென வைத்துள்ள விதைத்தானியத்தை உணவுக்கு எடுக்கவே கூடாது. பூஞ்சணக்கொல்லி பூசப்பட்ட விதை நஞ்சாகும். முளைகட்டும்போது பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சணம் படர்ந்தாலும், துர்நாற்றம் வீசினாலும், செலவைப் பாராது முழுவதையும் எறிந்துவிட வேண்டும். பூஞ்சண நஞ்சு கொதித்தாலும் அழிவதில்லை. மாரிமழைக் காலத்தில், காயவைக்க வெயில் இல்லாத நாட்களில், இம்முயற்சியில் இறங்காதிருத்தலே நன்று. இறுங்கின் முளைகளில் சயனைட்டு நஞ்சை வெளிப்படுத்தும் பொருள் இருப்பதால், அதனைக் குழந்தையின் உணவுக்காக வீட்டில் முளைகட்டலாகாது.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேனும் சீனியும் வேண்டாம். முளைமாவின் இனிப்பே போதும். கஞ்சி மட்டும் பிள்ளையை வளர்த்துவிடாது என்பதையும் மறக்கலாகாது. பாசிப்பயறு, முட்டை, முள் நீக்கி மசித்த மீன் ஆகியவையும் வேண்டும். கடலை முற்றமாகக் கொண்ட ஊரில் மீனுக்கா பஞ்சம்! பிள்ளையின் நிறை குறைவதாகத் தோன்றினால், மருத்துவமாதுவின் ஆலோசனையைத் தாமதியாது நாடுதல் வேண்டும்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி நம் நினைவினின்றும் மறைந்துவிடவில்லை. இறக்குமதிப் பால்மா கிடைக்காமல் கடை வாசல்களில் நாம் வரிசையில் நின்றோம். கிடைத்தபோது அதன் விலையைக் கேட்டுத் திகைத்தோம். பால்மாவுக்கு முளைமா ஈடாகாது என்பது உண்மையே. ஆயினும், வெளிநாட்டுப் போத்தலில் அடைத்து வருவதே உயர்ந்தது என்று நாம் எண்ணியிருந்த ஒரு வித்தை, நம் சேனைகளில் விளையும் குரக்கனிலும், மூத்தம்மாவின் திரிகையிலும் எப்போதும் இருந்துவந்திருக்கிறது என்பதையாவது அந்த நாட்கள் நமக்கு உணர்த்தியிருக்க வேண்டும்.

அடுத்த போகத்தில், முற்றத்திலே விதைநெற் சாக்கு கதகதவென்று கிடக்கும்போது, பிள்ளைகளை அழைத்து அதனுள் கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சூடு வெறும் சூடன்று. உறங்கிய உயிரொன்று விழித்துத் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும் அடுப்பின் வெம்மை அது. அதிலே ஒரு பங்கை நம் மழலைகளின் கோப்பைக்கும் பெற்றுத் தருவது நம் கையிலேயே இருக்கிறது.