பாகு மருந்தும் தானியங்கு ஊசியும்

'மருந்து' என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்தார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அம்மருந்தை உடனிருந்து கொடுப்பவன் என்பன அவை. மருத்துவனும் மருந்தும் இருந்தால் போதாதா, நான்காமவன் எதற்கு என்று மாணவர் சிலர் எண்ணக்கூடும். போதாது என்பதை நம் தோட்ட மக்கள் அறிவர். அக்காலத் தோட்ட மருத்துவமனையில் ஊசி போட்டவர் 'டிரசர்' என்று அழைக்கப்பட்ட உதவியாளரே. அவர் கை இல்லையேல் மருந்து புட்டியிலேயே கிடந்திருக்கும்.

இன்று அந்த நான்காமவனின் வேலையை ஒரு கருவி ஏற்றிருக்கின்றது. எழுதுகோலினும் பருத்த உருவம். உள்ளே மருந்து நிறைந்த கண்ணாடிக் குழல், ஊசி, அழுத்தி வைக்கப்பட்ட சுருள்வில். தோலின்மேல் வைத்து அழுத்தினால் ஊசி தானே உட்புகுந்து மருந்தைச் செலுத்தும். இதனைத் தானியங்கு ஊசி எனலாம். இஃது எவ்வாறு அமைக்கப்படுகின்றது என்பதை ஈண்டுக் காண்போம்.

படைமுகாமும் எண்ணெய் ஆலையும்

சுங்கை ஊடாங் என்றதும் வெளியூரார்க்கு இரண்டு நினைவுக்கு வரும். ஒன்று தெரெண்டாக் படைமுகாம். மற்றொன்று 1994இல் இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. தானியங்கு ஊசியை விளக்குவதற்கு இவ்விரண்டுமே துணை செய்யும். இக்கருவி முதலில் படைவீரருக்காகத் தோன்றியது. இன்று அது எதிர்கொள்ளும் சிக்கலோ, தடித்த எண்ணெயைக் குழாயில் ஓட்டுபவர் எதிர்கொள்ளும் சிக்கலை ஒத்தது.

நரம்பைத் தாக்கும் நச்சுப்புகையில் சிக்கிய வீரன், மருத்துவரை எதிர்பார்த்திருக்க இயலாது. மாற்று மருந்தைத் தானே நொடிப்பொழுதில் செலுத்திக்கொள்ள வேண்டும். அதற்கென 1970களில் அமெரிக்காவில் பொறியாளர் ஷெல்டன் கப்லானும் அவர்தம் குழுவினரும் சுருள்வில் ஊசியை வடிவமைத்தனர். அவ்வழியில் பிறந்ததே, கடும் ஒவ்வாமைக்குரிய 'எபிபென்'. அது 1987இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றது. இம்மருந்துகள் நீர்போல் மெல்லியவை. ஆகவே வில்லின் பணி எளிதாயிற்று. நீரிழிவுக்காரர் 1985 முதல் பயன்படுத்தி வரும் இன்சுலின் பேனாவும் அத்தகையதே. பெரும்பாலான பேனாக்களில் கட்டைவிரலின் அழுத்தமே போதும்.

மருந்து ஏன் தடித்தது?

முடக்குவாதம் போன்ற நோய்களுக்கு இன்று எதிர்ப்பொருள் எனப்படும் புரதங்கள் மருந்தாகின்றன. இவற்றை விழுங்கினால் வயிறு உணவைப்போல் செரித்துவிடும். எனவே ஊசிதான் வழி. தோலுக்கடியில் செலுத்துவதற்கோ பெரும்பாலும் ஒன்றிரண்டு மில்லிலிட்டரே வசதியான அளவு. ஆகவே நிறைந்த மருந்தைக் குறைந்த நீரில் அடைக்க வேண்டியிருக்கின்றது. 2002இல் ஒப்புதல் பெற்ற அடாலிமுமாப் என்னும் மருந்தில், முதலில் 0.8 மில்லிலிட்டரில் இருந்த 40 மில்லிகிராம், பின்னர் 0.4 மில்லிலிட்டரில் அடக்கப்பட்டது. இவ்வாறு செறிவு ஏற ஏறப் புரதங்கள் ஒன்றையொன்று நெருங்கிப் பற்றுகின்றன. சில மருந்துகள் பாகுபோல் தடித்துவிடுகின்றன. செண்டோலில் ஊற்றும் குலா மலாக்காப் பாகை மெல்லிய உறிஞ்சுகுழலால் இழுத்துப் பார்த்தவர்க்கு இதன் தொல்லை விளங்கும்.

நான்கு மடிக் கணக்கு

இத்தொல்லைக்கு ஒரு விதி உண்டு. ஹாகன் என்ற செருமானியப் பொறியாளரும், குருதியோட்டத்தை ஆராய்ந்த புவாசேய் என்ற பிரெஞ்சு மருத்துவரும் ஏறத்தாழ 1840ஆம் ஆண்டையொட்டித் தனித்தனியே அதனைக் கண்டனர். நீர்மத்தின் பாகுநிலை இருமடங்கானால் தேவையான அழுத்தமும் இருமடங்காகும். ஆனால் குழாயின் துளை பாதியாகக் குறுகினால், அதே வேகத்தில் ஓட்டப் பதினாறு மடங்கு அழுத்தம் வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஊசித்துளை 0.21 மில்லிமீட்டர், நீளம் 2 சென்டிமீட்டர், மருந்துக் குழலின் உள்விட்டம் 6.35 மில்லிமீட்டர் எனக் கொள்க. 0.8 மில்லிலிட்டரைப் பத்து நொடியில் செலுத்த வேண்டும். மருந்து நீரைப் போன்றதாயின் ஏறத்தாழ நூறு கிராம் எடைக்கு ஈடான விசை போதும். நீரினும் பத்து மடங்கு தடித்ததாயின் ஒரு கிலோ. ஐம்பது மடங்காயின் ஐந்து கிலோவுக்கும் மேல். குழலினுள் ரப்பர் அடைப்பான் உராய்வதற்குரிய விசை வேறு.

இங்கேதான் கொடுமை இருக்கின்றது. முடக்குவாதம் முதலில் தாக்குவது பெரும்பாலும் விரல் மூட்டுகளையே. சட்டைப் பித்தானை மாட்ட முடியாத கைக்குத்தான் இவ்வகை மருந்து வேண்டியிருக்கின்றது. ஆகவே விரலின் வேலையை வில்லுக்கு மாற்றியாக வேண்டும்.

வலிய வில்லை வைத்தால் தீர்ந்ததே எனலாம். தீராது. வில் விரிய விரிய அதன் விசை தளரும். கடைசித் துளியையும் தள்ள வேண்டுமாயின் தொடக்கத்தில் மிகுவிசை தேவை. அவ்விசை திடீரென மோதினால் கண்ணாடிக் குழல் உடையலாம். நோயாளியும் திடுக்கிட்டுக் கையை எடுத்துவிடலாம். பயன்படுத்தும் நாள்வரை வில்லின் அழுத்தத்தைப் பிளாஸ்டிக் கூடு தாங்கியிருக்கவும் வேண்டும்.

எனவே பொறியாளர் வேறு வழிகளையும் நாடினர். ஊசியின் வெளிப்பருமனை மாற்றாமல் சுவரை மட்டும் மெல்லியதாக்கினர். துளை 0.21இலிருந்து 0.25 மில்லிமீட்டரானால் தேவையான விசை பாதியாகின்றது. குத்தும் வலி கூடுவதில்லை. வில்லுக்குப் பதிலாக அடைபட்ட வளியையோ சிறு மின்பொறியையோ வைத்தனர். விரல் நுனியால் கிள்ளி இழுக்க வேண்டிய மூடியை, உள்ளங்கையால் பற்றுமளவு பெரிதாக்கினர். பல கருவிகளில் மருந்து முடிந்ததைக் காட்டச் சாளரத்தில் நிறம் மாறும். தொடக்கத்தில் ஒரு 'கிளிக்' ஒலியும் முடிவில் மற்றொன்றும் கேட்கும்.

தடித்த எண்ணெயைச் சூடேற்றினால் எளிதில் ஓடும். மருந்திலும் அவ்வுண்மை செல்லும். ஆயின் புரதம் சூட்டில் கெடும். ஆதலின் 2 முதல் 8 பாகை வரையான குளிரில் இருக்கும் ஊசியைக் குறிப்பேட்டில் சொன்னபடி, பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடம் வெளியே வைத்திருந்தால் போதும். வெந்நீரில் இடுவது தவறு.

இன்னும் வேண்டும் நான்காமவன்

தடித்த மருந்து மெல்ல இறங்கும். முதல் ஒலி கேட்டவுடன் வேலை முடிந்ததென்று கையை எடுத்தால் மருந்து தோலின்மேல் வழிந்துவிடும். நோயாளியோ மருந்து பயன் தரவில்லை என்று வருந்துவார். தலைகீழாகப் பிடித்து அழுத்தினால் ஊசி கட்டைவிரலில் பாயும். வில்லும் துளையும் எவ்வளவு நுட்பமாக அமைந்தாலும் இவ்விரு பிழைகளையும் முற்றிலும் தடுக்க இயலாது. விளக்கத்தால்தான் தடுக்க இயலும்.

நம் நாட்டில் மருந்துடன் வரும் துண்டறிக்கை பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். தமிழ் மட்டுமே படித்த பாட்டிக்கு அதனால் என்ன பயன்? பேரப்பிள்ளையோ, அண்டை வீட்டுத் தமிழாசிரியரோ அதனைப் படித்து, "அழுத்துங்கள், பொறுங்கள், எடுங்கள்" என்ற மூன்று சொற்களில் தாளில் பெரிதாக எழுதிக் கொடுக்கலாம். பொறுப்பது எதுவரை என்பதை, "இரண்டாம் ஒலி கேட்டு, சாளரத்தில் நிறம் மாறும்வரை" என்பதுபோல் அந்தந்தக் கருவியின் குறிப்பேட்டைப் பார்த்து எழுத வேண்டும்.

டிரசரின் கைவேலையைக் கருவி செய்துவிட்டது. அருகமர்ந்து எடுத்துச் சொல்லும் வேலை இன்னும் நம்முடையதே.